பஞ்சுக் கிடங்கில் ஓர் அடுப்பு

பார்த்து வா அம்மிணி, மூன்றாம் படி ஆடும். கைப்பிடியைத் தொடாதே, துரு ஒட்டிக்கொள்ளும். இந்த நாற்காலியில் உட்கார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேம்பாலத்தில் போகிற பஸ்காரர்கள் எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டு போவார்கள். பாலம் கட்டின நாளிலிருந்து அப்படித்தான். நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நாலு முழம்தான் இருக்கும். ஒருநாள் ஓர் அம்மாள் ஜன்னல் வழியாக முறுக்கு நீட்டினாள். எட்டவில்லை.

காபி குடிப்பாய் அல்லவா? வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இங்கே யார் வந்தாலும் அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அது ஓர் ஏற்பாடு. பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கிற உன் படிவத்தில் மூன்று தரம் உண்டாமே? மரக்கடைக்காரர் சொன்னார். முதல் தரம் என்றால் கட்டடத்தைத் தொடக் கூடாது. இரண்டாம் தரம் என்றால் முகப்பை மட்டும் விட்டுவைப்பார்கள். மூன்றாம் தரம் என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இடித்துத் தள்ளிவிட்டு, ரயில்வேக்காரர்கள் மூன்றாவது லைன் போட்டுக்கொள்ளலாம். சரிதானே?

எனக்கு மூன்றாம் தரம் வேண்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? இந்தச் சாலையில் எல்லாரும் உன் கையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்று, காப்பாற்று என்றிருப்பார்கள். இடிக்கச் சொல்கிற ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. இந்தக் கட்டடம் எதற்கும் லாயக்கில்லை என்று எழுதிவிட்டுப் போ. அவ்வளவுதான் நான் கேட்பது.

எனக்கு எழுபது வயது. கோத்தகிரியில் ரோஸலின் என்று எனக்கொரு தோழி இருக்கிறாள். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே அறை. அவள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கிக் கட்டில் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. போன மாதம்கூடப் போனில் சொன்னாள்: "குணா, உன் கட்டில்ல பூனை குட்டி போட்டுருச்சுடி. நீ வர்றியா, இல்ல பூனை பேருக்கே எழுதி வச்சிரட்டுமா?"

போக வேண்டியதுதானே என்கிறாய். போகலாம். யார் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் கட்டடம் நிற்கிற வரைக்கும் நான் இங்கே இருக்க வேண்டும். கட்டடம் போய்விட்டால் நானும் போகலாம்.

அப்பா பஞ்சுத் தரகர். இந்தக் கிடங்கைக் கட்டியவர் ஜேட்டாலால் என்கிற பம்பாய் சேட். அவர் தொழிலை ஏறக்கட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது கிடங்கை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனார். அதற்கு அத்தாட்சி ஒரு கைக்கடிதம். பதிவு கிடையாது. எண்பத்தொன்றில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே சேட்டின் பேரன்கள் வழக்குப் போட்டார்கள்.

எங்கள் வக்கீல் அண்ணனிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பத்திரம் நம்ம பக்கம் இல்லீங்க சென்னியப்பன். சுவாதீனம் மட்டும்தான் நம்மகிட்ட இருக்குது. உங்க ஆளு ஒருத்தர் அங்க குடியிருக்கோணும். ரேஷன் கார்டு, ஓட்டு, தபால் எல்லாம் அந்த விலாசத்துல இருக்கோணும். அடுப்பு எரியோணும். ஒருநாள் பூட்டிக் கெடந்தாப் போதும், நம்ம பூட்டு மேல அவுங்க பூட்டு விழுந்துரும்."

"ஆளு வச்சுர்லாங்க" என்றார் அண்ணன்.

"ஆம்பளையை வச்சா அடிச்சுத் தொரத்திருவாங்க. சம்பளத்து ஆளுன்னா வெல பேசிருவாங்க. வீட்டுப் பொம்பளை ஒருத்தி இருந்தா எவனும் கை வைக்க யோசிப்பான்."

அண்ணிக்குக் கைக்குழந்தை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மிச்சம் நான். அதுவும் படித்தவள், நாலு பேரிடம் பதில் சொல்லத் தெரிந்தவள். அண்ணன் என்னை ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. "ஆறே மாசம் குணா. உனக்குப் படிக்கறதுக்கும் தோதா இருக்கும்" என்றார். குன்னூரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை வேலைக்கு உத்தரவு கையில் இருந்தது. ஆறு மாதம் தவணை கேட்டு எழுதினேன். தலைமையாசிரியை சரி என்றார். இன்னோர் ஆறு மாதம் கேட்டேன். அதற்கும் சரி என்றார், தங்கமான மனுஷி. மூன்றாம் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்த வருஷம் தபால் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

நாற்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. வழக்கு இப்போது மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு. எதிராளிப் பேரன்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர் ஒருத்தர். என் வயதுதான் இருக்கும். அவருக்கு மூட்டுவலி உண்டோ என்னவோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். என்னைப் பற்றி இத்தனை வருஷமாக விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷர் அவர் ஒருத்தர்தானே.

இந்தா காபி. சூடு. ஊதிக் குடி.

என்ன எழுதுகிறாய்? கட்டிய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தா? யார் சொன்னது, ஐஸ் பாக்டரிக்காரரா? அவர் கட்டடம் முப்பத்தைந்து. அதனால் எல்லாம் முப்பத்தைந்து என்று நினைத்துக்கொள்கிறார். இது இருபத்து நாலு. இந்த வரிசையிலேயே முதல் கட்டடம் இதுதான். இதைப் பார்த்துத்தான் அப்புறம் ஜின்னிங் பாக்டரி வந்தது, எண்ணெய் ஆலை வந்தது, புகையிலைக் கிடங்கு வந்தது. புகையிலைக் கிடங்கின் கூரை வளைவைக் கவனித்தாயா? இதைப் பார்த்துப் போட்டது. சரியாக வரவில்லை, அதனால்தான் நடுவில் தொய்ந்திருக்கிறது. வேண்டாம், வேண்டாம், அதை எழுதாதே. தரம் கூடிவிடும். வெறுமே தேதி மட்டும் திருத்திக்கொள். தப்பான தேதி கண்ணை உறுத்துகிறது.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்கிறேன். ஒரு கொட்டகை. அவ்வளவுதான். நீ வந்த வாசல் பின்வாசல் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. எல்லாரும் அதை முன்வாசல் என்றுதான் நினைக்கிறார்கள். இந்தச் சாலையில் உள்ள அத்தனை கட்டடமும் தண்டவாளத்தைப் பார்த்துக் கட்டியவை. கூட்ஸ் வண்டிப் பாதையிலிருந்து ஒரு கிளை லைன் பிரிந்து ஒவ்வொரு வாசலாகத் தொட்டுக்கொண்டு போகும். வேகனின் தளமும் வாசலின் தளமும் ஒரே உயரம். பலகை ஒன்றைப் போட்டு, பேல் என்கிற பஞ்சுப் பொதியை உருட்டினால் போதும், தூக்கவே வேண்டாம். ரோட்டுப் பக்கம் வெறும் முதுகு, ஓட்டை உடைசல் போடுகிற இடம். பிறகு லாரி வந்தது. கிளை லைனைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒவ்வொருத்தராக முதுகை இடித்து வாசல் வைத்தார்கள். உட்கார்ந்தபடியே ஒரு தெரு முழுக்கத் திரும்பி உட்கார்ந்த மாதிரி. பழைய வாசல்களுக்கு எதிரே ரயில்வேக்காரர்கள் சுவர் எழுப்பிவிட்டார்கள். என் முன்வாசலைத் திறந்தால் ஒரு சாணுக்கு அப்பால் சுவர். இந்தப் பக்கம் பாலம். நடுவில் நான்.

அதையும் எழுதிக்கொண்டாயா? நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய்?

அடுப்பைப் பற்றிக் கேள், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பஞ்சுக் கிடங்கில் நெருப்பு ஆகாது. அந்தக் காலத்தில் இங்கே தீப்பெட்டியோடு பிடிபட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். பீடியை வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள். விளக்குக்கூடக் கூடாது என்றுதான் கூரையில் அத்தனை கண்ணாடி. வடக்குச் சரிவில் மட்டும் பதித்திருக்கிறது பார், நேர் வெயில் உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் வரும். கதவு முழு இரும்பு. இருபத்து நாலு அங்குலச் சுவர். நெருப்பு வரக் கூடாது என்று அத்தனை பாடுபட்டுக் கட்டின கட்டடத்தில் என் வேலை என்ன தெரியுமா? நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்வது.

எண்பத்து மூன்றில் கோர்ட்டு ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பியது, யார் குடியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுத. ஒல்லியான மனுஷர், பெரிய மூக்கு. எதிர்த்தரப்பு வக்கீலும் கூடவே வந்தார்.

"இங்க குடியிருக்கறது யாருங்க?"

"நான்தாங்க" என்றேன்.

"எத்தனை நாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "அது பொறந்ததுல இருந்தே இங்கதானுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "வந்து அடுப்பைப் பத்த வச்சு அரைமணி நேரம் ஆகியிருக்கும், எழுதிக்கங்க சார்."

"பத்த வச்சதா, பழைய அடுப்பான்னு நான் பாத்துக்கறனுங்க" என்று கமிஷனர் குனிந்து அடுப்புக் கல்லில் கையை வைத்தார். பொத்துவிட்டது! ஐயோ என்று உதறிக்கொண்டு குதித்தார். நான்தான் ஓடிப்போய் மாவை அள்ளித் தடவினேன். இட்லி மாவு. மாவு புளித்திருந்ததைப் பார்த்தார். புளித்த மாவு இருக்கிற வீட்டில் நேற்றும் ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? 'சுவாதீனம் உறுதி' என்று இடது கையால் எழுதினார். அண்ணன் அன்றைக்கு ஊரெல்லாம் சொன்னார், எங்க குணா மாவுலயே கேசை ஜெயிச்சுட்டா என்று.

அண்ணனுக்கு என் மேல் உயிர். அவர் மகள் கல்யாணத்தன்று எதிராளிகள் பூட்டை உடைக்கத் தோது பார்ப்பார்கள், எல்லாரும் மண்டபத்தில் இருப்போம் அல்லவா? அதனால் நான் போகவில்லை. ஆனால் விருந்து முழுவதும் ஐந்தடுக்குக் கேரியரில் எனக்கென்று தனியாக வந்தது. இலைகூட மடித்து வைத்திருந்தார்கள். மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். யாருக்குக் கேரியர் வந்தது, சொல்? புது வீடு கட்டியபோது மாடியில் எனக்கென்று ஓர் அறை விட்டார். இப்போது அதில் நடக்கிற மெஷின் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். நான் வந்ததும் எடுத்துவிடுவார்கள். கனமான சாமான், தூக்க நாலு ஆள் வேண்டும். அதனால்தான் தாமதம்.

ரோஸலினிடம் இதைச் சொன்னால், "உங்கண்ணன் வீட்டு நாய்க்குக்கூடச் சாயங்காலம் வாக்கிங் உண்டுடி" என்கிறாள். அவளுக்கு வாய் அப்படி.

ஆனால் மலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அதை மறைக்கவில்லை. மழை ஓய்ந்த நாளில் இந்த அறைக்கு மேலே மொட்டைமாடிக்குப் போனால் மலை தெரியும். நீலமாக, பக்கத்து வீட்டில் உலர்த்திய சேலை மாதிரி. போனில் ரோஸலின் பேசும்போது பின்னால் ஏதோ ஒரு பறவை கத்தும். என்ன பறவை என்று கேட்டேன். வந்து பார்த்துக்கொள் என்றுவிட்டாள். நானாகப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டால் அப்பா விட்டுப்போன சொத்துப் போய்விடும், நாற்பத்து நாலு வருஷமும் வீண் என்பார் அண்ணன். அரசாங்கமே இடித்துவிட்டால் யார் என்னைக் குற்றம் சொல்ல முடியும்? காவல் காக்கக் கட்டடம் வேண்டும் அல்லவா? அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ வந்தது அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

படி பார்க்கலாம், இதுவரைக்கும் என்ன எழுதினாய்?

...

அடிப் பாவி. இத்தனையும் எழுதினாயா? வடக்குச் சரிவுக் கண்ணாடி, வேகன் தளம், திரும்பி உட்கார்ந்த தெரு... இதை வைத்துப் பார்த்தால் முதல் தரம்தான் வரும் என்கிறாய். நான் சொன்னதை வைத்தா? இல்லை அம்மிணி, அடித்துவிடு. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன். நான் பேசியது பழக்க தோஷம். வருஷத்தில் பத்து பேரோடு பேசுகிறவள், ஆள் கிடைத்தால் கொட்டிவிடுகிறேன். புதுப் படிவம் இருக்கிறதா? அதில் எழுது.

நல்ல பெண். உன் அம்மா கொடுத்து வைத்தவள். எழுதியாயிற்றா? சத்தமாகப் படி.

கட்டிய ஆண்டு: தெரியவில்லை. சரி, இருக்கட்டும்.

கட்டியவர்: தெரியவில்லை. இருக்கட்டும், சேட் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அமைப்பு: சாதாரணம். ம். இருக்கட்டும்.

பயன்பாடு: சரக்குக் கிடங்கு. தொழிலாளர் (ஐஸ் பாக்டரிக்காரர் சொன்னது): பஞ்சு பொறுக்கும் கூலிப் பெண்கள், பெயர் தெரியவில்லை.

இன்னொரு தடவை படி.

இல்லை, நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் சொல்லாததை நீ எப்படி எழுதுவாய்? எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? பேனாவைக் கொடு.

...

அம்மிணி, உன்னிடம் டார்ச் இருக்கிறதா? போனில் இருந்தாலும் போதும். என்னோடு கீழே வா. செருப்போடு வரலாம், தரையெல்லாம் தூசி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், உலகச் சண்டைக்காகப் பட்டாளத்தார் இந்தக் கிடங்கை எடுத்துக்கொண்டார்கள், கம்பளி அடுக்க. பஞ்சு பேல்களை எல்லாம் வேகனில் ஏற்றிவிட்டார்கள். பொறுக்குகிற பெண்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை. பஞ்சில் ஒட்டின தூசு, இலை, கொட்டை எல்லாம் கையால் பொறுக்கினவர்கள். வேலை பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சீட்டுக் கிடையாது. கணக்குப்பிள்ளையின் நோட்டில்கூட 'பெண் 38' என்றுதான் இருக்கும்.

பார்த்து, இங்கே குனிந்து வா. இந்தப் பழைய கதவுகளை நான்தான் சாத்தி வைத்திருக்கிறேன். வெள்ளையடிக்க அண்ணன் வருஷா வருஷம் ஆள் அனுப்புவார், அவர்கள் கையில் இந்தச் சுவர் சிக்கிவிடக் கூடாது என்று. அந்தப் பக்கம் நீ பிடி. மெதுவாக. சரி, இப்போது வெளிச்சம் அடி.

தெரிகிறதா?

பேல் மேல் மார்க்கா போட எழுத்து எழுத்தாக வெட்டின தகரங்கள் இருந்தன. கால் தனி, கொம்பு தனி. கடைசி நாள் மத்தியானம், வேகன் போனபிறகு, அந்தத் தகரங்களை எடுத்துச் சுவரில் வைத்து, பேலுக்குப் போடுகிற மையையே துணியில் தொட்டு ஒற்றி, ஆளுக்கொரு பெயர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் கம்பளி வந்தது. பிறகு ரேஷன் அரிசி. பிறகு உர மூட்டை. சுவர் மறைந்தே கிடந்தது. எண்பத்தொன்றில் நான் வந்த அன்று கிடங்கு காலி. பெருக்கிக்கொண்டே வந்தவள் இதைப் பார்த்து நின்றுவிட்டேன். அன்று ராத்திரி எனக்குப் பயமாகவே இல்லை. வீட்டில் நிறையப் பேர் இருக்கிற மாதிரி இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றா? எண்பத்தாறில் ஒரு கிழவி வந்தாள், கோலூன்றிக்கொண்டு. "ஆத்தா, எம்பேரு இன்னும் இருக்குதான்னு ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிர்றனுங்க" என்றாள். கூட்டிக்கொண்டு வந்தேன். நேராக இங்கே வந்து, இதோ இந்த வரிசையில், சரியாக இதில் விரலை வைத்தாள். ராக்கம்மாள்.

"படிக்கத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"மத்தது ஒண்ணும் தெரியாதுங்க. இது ஒண்ணுதான் தெரியும்."

அவள்தான் எல்லாம் சொன்னாள். இதுவரைக்கும் நான் யாருக்கும் காட்டவில்லை. வக்கீலுக்கு, கமிஷனருக்கு, அண்ணனுக்கு, ஒருத்தருக்கும் காட்டவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் கோர்ட்டில் கொண்டுபோய்ச் சாட்சி சொல்ல வைத்துவிடுவார், இவர்களையும்.

தெரியும் அம்மிணி. இதைப் பார்த்தபிறகு உன்னால் மூன்றாம் தரம் எழுத முடியாது. நீ சொல்லவே வேண்டாம், உன் முகத்தில் இருக்கிறது. முதல் தரம் என்றால் சுவரைத் தொட மாட்டார்கள், நிச்சயம்தானே? சுண்ணாம்பு அடிக்கக்கூடக் கூடாது என்று சேர்த்து எழுது. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுது. யார் என்று எழுத வேண்டாம், அது தன்னால் தெரியும்.

அழாதே. வயசுப் பெண் இதற்கெல்லாம் அழலாமா? மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடு. அந்தப் படிவத்தைக் கிழி. பழையதை எடுத்துக்கொள். 'பெயர் தெரியவில்லை' என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்களே, அது போதாது. பின்பக்கம் திருப்பு.

நான் சொல்லச் சொல்ல எழுது. மாராத்தாள். குருவம்மாள். பழனாத்தாள். இன்னொரு பழனாத்தாள், இருவரும் வேறு. அந்தோணியம்மாள். கதீஜா பீவி. நஞ்சம்மாள்.

இந்த இடத்தில் மை கலைந்து பாதிதான் இருக்கிறது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி. இன்னும். நானும் நாற்பது வருஷமாக இதைப் படித்துப் பார்க்கிறேன், சில நாள் சின்னாத்தாள் என்று தெரியும், சில நாள் செல்லாத்தாள் என்று தெரியும். ஊகித்து எழுதாதே. அந்த இடத்தைக் காலியாக விட்டு வை. நான் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துச் சொல்கிறேன்.